பால்வாடி, எல்கேஜி வாசலில் பார்த்த பாகுபாடு: உங்கள் அனுபவம்?

லைன்வீட்டு அம்மா

திருப்பூர் பக்கம். பனியன் கம்பெனி லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கிற அங்கன்வாடி. பாதிப் பிள்ளைகள் ஒடிசா, பீகார். அன்றைக்கு மகளை விட்டுவிட்டுக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டதால் வாசலிலேயே நின்றேன். டீச்சர் வருகை எடுத்தார். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பென்சிலால் எண்ணி, "இந்திக்காரப் பிள்ளைங்க ஆறு" என்று தனித் தாளில் குறித்துக்கொண்டார்.

அந்த ஆறு பேரில் ஒரு ஒடியாக் குட்டி, மூன்று மூன்றரை வயது இருக்கும். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து கையைத் தூக்கி "உள்ளேன் டீச்சர்" என்றாள். கவினுக்கும் எழுந்தாள், தன்ஷிகாவுக்கும் எழுந்தாள். பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே, "பாருங்க, எவ்வளவு சீக்கிரம் தமிழ் பிடிச்சுக்கிட்டா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரெண்டு பொண்ணு அப்பா

எங்களுடையது தனியார் பள்ளி. ஆண்டு விழா. சின்னவள் பாரத மாதா வேஷம் கேட்டாள். யாருக்குக் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பிலேயே சிவப்பான பிள்ளைக்குத்தான். என் மகளுக்கு மரம். மிஸ்ஸிடம் கேட்டேன். "லைட் போட்டா இவ முகம் எடுக்காது சார்" என்றார், ஏதோ துணிக்கடையில் புடவை பார்க்கிற மாதிரி.

சரி, மரமாகவே நிற்கட்டும் என்று விட்டேன். விழா அன்று மேக்கப் அறையில் பார்த்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே டப்பா பேன்கேக். முகம் மட்டும் வெள்ளை வெளேர், கழுத்தும் கையும் அவரவர் நிறம். மரம், காக்கா, காந்தி தாத்தா எல்லாருக்கும் அதே. என் மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள், "இங்கயும் போடுங்க ஆன்ட்டி" என்று.

வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிடுகிறோம்.

ஓய்வுபெற்ற டீச்சர்

முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு. அந்த டீச்சரை வில்லி ஆக்க வேண்டாம். எடை போடணும், சத்துமாவு கணக்கு எழுதணும், போஷன் டிராக்கர் ஆப்பில் ஏற்றணும். கம்பெனி மாறினால் அந்தக் குடும்பம் மூன்று மாதத்தில் வேறு ஊர் போய்விடும். போகும்போது சொல்லிக்கொண்டும் போகமாட்டார்கள். பதிவேட்டில் பெயர் ஏறாத பிள்ளையை வெளியே அனுப்பாமல் உட்கார வைத்துச் சோறு போட்டார் அல்லவா? அதையும் சொல்லுங்கள்.

என் அனுபவம் வேறு. எங்கள் மையத்துக்குத் தலித் குடும்பத்திலிருந்து ஓர் ஆயாம்மா வந்தார். பள்ளி மதிய உணவுச் சமையல் வேலைக்குத் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2004லேயே சொல்லிவிட்டது. உத்தரவு கோர்ட்டில் இருக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற பாட்டி எங்கள் வாசலில் இருப்பார். காலையில் ஊர்த்தெருப் பிள்ளைகள் வருவார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள். சோறு வடிக்கிற நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும்.

ஒரு முட்டை நாள். ஒரு பையன் நிலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று ஒரே அழுகை. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆயாம்மாவைப் பார்த்து, "உரிக்காம குடு" என்றார். ஓடு இருந்தால் தீட்டு உள்ளே போகாதாம்! ஆயாம்மா பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பையன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான்.

கடைசி பெஞ்ச்

என் மகன் பக்கத்தில் ஒரு நரிக்குறவர் பையன் உட்கார்ந்தான். இன்னொரு அம்மா வந்து இடம் மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே எல்லோரும் புலம்பிவிட்டுப் போகிறீர்கள், செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை, பழுப்புப் பொம்மை இரண்டையும் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்லது என்று வெள்ளையைக் காட்டினார்கள். அதில் மூன்று வயதுப் பிள்ளைகளும் உண்டு. 1954ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இதையும் எடுத்துக்காட்டியது. அதனால் 'குழந்தைக்கு என்ன தெரியும்' என்று யாரும் சொல்லாதீர்கள்.

பள்ளிகள் செய்ய வேண்டியது: உட்காரும் இடத்தை வாரா வாரம் மாற்ற வேண்டும். எந்தப் பெற்றோர் கேட்டாலும் தனியாக மாற்றக் கூடாது. நாடக வேஷத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். வேறு மொழி பேசும் அம்மாக்களை வரவழைத்து அவர்கள் பாட்டு ஒன்று பாடச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டும் படங்களில் எல்லா நிறமும் இருக்க வேண்டும். கேலி செய்த பிள்ளையை அதட்டி உட்கார வைக்காமல், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வைக்க வேண்டும், ஃபீஸ் பேச்சுக்கு முன்னால்.

ரெண்டு பொண்ணு அப்பா

@கடைசி பெஞ்ச், சீட்டுக் குலுக்கல் நல்ல யோசனை. ஆனால் இடம் மாற்றியபோது நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்? அந்தப் பையனை எங்கே உட்கார வைத்தார்கள், அதைச் சொல்லவே இல்லையே.

கடைசி பெஞ்ச்

நான் ஆபீஸில் இருந்தேன். மனைவி சொல்லித்தான் தெரியும். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாமே.

ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஒரே அறை, டீச்சர் ஒருத்தி, ஆயா ஒருத்தி. ஆயா அடுப்பில் நிற்கும்போது டீச்சர்தான் கழிவறைக்கும் கூட்டிப்போக வேண்டும். அம்மாக்களை வரவழைக்கச் சொல்கிறீர்கள். அவர்கள் காலை எட்டரைக்கு கம்பெனியில் இருக்க வேண்டும், தாமதமானால் அரை நாள் கூலி போச்சு.

லைன்வீட்டு அம்மா

டீச்சரம்மா, அவரை வில்லி என்று நான் எழுதவில்லை. சோறு போட்டார், உண்மை. தாளில் 'ஆறு' என்று எழுதுகிற நேரத்தில் ஆறு பெயரைக் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். மறுநாள் அந்தக் குட்டியின் அம்மாவை லைன் வீட்டுக் குழாயடியில் பிடித்துக் கேட்டேன். சுபஸ்மிதா. டீச்சரிடம் சொன்னதும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். மீதி ஐந்து பேருக்கு இன்னும் எண்ணிக்கைதான்.

அப்புறம் அந்த முட்டைப் பாட்டி? சோற்றுக்கு இறங்கி வந்தாரா?

ஓய்வுபெற்ற டீச்சர்

எங்கே! நான் ஓய்வு பெறும் வரை இல்லை. பேரனை மட்டும் முட்டை நாளில் தவறாமல் அனுப்புவார்.