சதை ஊசியா, நரம்பு ஊசியா: வீட்டில் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்மாபேட்டை தறிக்காரன்:

போன ஐப்பசியில் அப்பாவின் வலது கால் வீங்கியது. குழித்தறியில் இறங்கும்போது பட்ட சின்னச் சிராய்ப்புதான். சர்க்கரை இருக்கிற உடம்பு என்பதை மறந்து, இரண்டு நாள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையில் ஓட்டினோம். அதற்குள் கணுக்காலில் இருந்த சிவப்பு முழங்கால் பக்கம் ஏறிவிட்டது, தொட்டால் அனல். டாக்டர் பார்த்ததும் சிவப்பு முடிகிற இடத்தில் பேனாவால் சுற்றிக் கோடு போட்டார். "நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாருங்க" என்றார். தோலுக்கு அடியில் பரவுகிற தொற்று, செல்லுலைட்டிஸ் என்று பெயராம்.

ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க, ரத்தம் எடுத்தார்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராதாம். அப்புறம் "எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்திருக்கா?" என்ற கேள்வி. அப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டார். அம்மாதான் குறுக்கே வந்து, "பெனிசிலின் போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சே, நான் கைக்குழந்தையோட நின்னேனே" என்றார். அந்தக் கைக்குழந்தை நான்தான், இப்போது எனக்கு 34. அப்போது மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா, எவ்வளவு நேரத்தில் தடித்தது என்றெல்லாம் டாக்டர் துருவிக் கேட்டார். பிறகு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி தரலாம், ஆனால் முதல் டோஸ் தன் கண் முன்னால்தான் என்று முடிவு செய்தார். ஒவ்வாமை முற்றினால் போடுகிற அட்ரினலின் ஆம்பூல் பக்கத்தில் தயாராக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

மூன்று நாளில் கோட்டுக்கு உள்ளேயே சிவப்பு சுருங்கியது. மீதி நான்கு நாளும் தினம் ஒரு வேளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்து, கையில் வென்ஃப்ளானோடு (மருந்து ஏற்றக் குத்தி வைக்கிற சின்னக் குழாய்) அனுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா உண்டு. டாக்டர் அவரிடம் போனில் பேசியிருந்தார்.

இனி நான் செய்த கூத்து. மருந்துக் கடையில் குப்பியோடு லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகிற மருந்து பாட்டில் ஒன்றையும் வாங்கி வந்தேன். "இதுல கலக்கினா வலிக்காது" என்று கடைப் பையன் சொன்னான், அப்பாவுக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அக்கா அதை எடுத்து லேபிளைப் படித்துவிட்டு அலமாரி மேல் வைத்துவிட்டார். "தம்பி, இது சதையில போடறதுக்குக் கலக்கறது. நரம்பு வழியா, அதான் ரத்தக் குழாய் வழியா போச்சுன்னா இதயத் துடிப்பே தடுமாறும். ஒரே குப்பிதான், எந்த வழியில ஏத்தறோமோ அதுக்குத் தகுந்த தண்ணி."

அட்டையோடு வந்த ஆம்பூலின் நீரை விட்டுக் குப்பியை உள்ளங்கையில் உருட்டினார். வெள்ளைப் பொடி கரைந்து இளமஞ்சளானது. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். அந்த மருந்தின் நிறமே அதுதானாம், ஆனால் தூள் கரையாமல் நின்றாலோ கலங்கினாலோ போடமாட்டேன் என்றார். நாலு நிமிடம் போல மெதுவாக ஏற்றினார். பிறகு போகாமல் அரை மணி நேரம் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபிக்காக இருக்கிறார் என்று முதல் நாள் நினைத்தேன், வெட்கம்தான்.

உங்களில் யாருக்காவது இப்படி?

ஏற்காடு மிளகுக்கொடி:

காபிக்கு இல்லை தம்பி, அந்த அரை மணி நேரத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வில் கொஞ்சம் பாதிப்பு. தொண்டைப் புண்ணில் ஆரம்பித்ததுதான். 21 நாளுக்கு ஒரு முறை பெனிடூர் என்ற பெனிசிலின் ஊசி 12 லட்சம் யூனிட், இடுப்பில். நாங்கள் எஸ்டேட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வரவேண்டும், அங்கே போட்டுவிட்டு மறுபடி ஏறவேண்டும். அது பால் மாதிரி கெட்டியான மருந்து. நின்றால் ஊசி அடைத்துக்கொள்ளும், அதனால் கலக்கிய கையோடு போட்டுவிடுவார்கள். நரம்புக்குள் போகவே கூடாது என்பதால் சிஸ்டர் இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் குத்துவார்.

ஒரு நாள் பஸ் போய்விடும் என்று எழுந்தேன். சிஸ்டர் விடவில்லை. எங்கள் பெஞ்சிலேயே வேறு ஏதோ ஊசி போட்டுக்கொண்ட பெரியவர், பத்து நிமிடம் கூட இருக்காது, உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். அப்புறம் குரல் கம்மியது, உதடு தடித்தது. ஓடி வந்து படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டு, தொடையில் அட்ரினலின் போட்டார்கள். கால் மணி நேரத்தில் பேசினார். நாங்கள் பஸ்ஸில் பாதி வளைவு ஏறியிருக்கும் நேரம் அது. என் மகள் அன்றிலிருந்து அவசரப்படுவதே இல்லை, பாடப்புத்தகம் எடுத்து வருகிறாள்.

தறிக்காரரே, உங்கள் அம்மா சொன்னது முக்கியம். முதலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிற டெஸ்ட் டோஸில் ஒன்றும் வரவில்லை என்பதால் முழு டோஸிலும் வராது என்று சொல்ல முடியாதாம். பழைய கதையைக் கேட்பதுதான் பெரிய பரிசோதனை என்று எங்கள் டாக்டரும் சொல்வார்.

செவ்வாய்பேட்டை கல்லாப்பெட்டி:

மருந்துக் கடையில் 11 வருடம் நிற்கிறேன். தறிக்காரரின் கடைப் பையன் செய்தது தப்பு, எங்கள் ஆள் என்று மழுப்பமாட்டேன். ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். செஃப்ட்ரியாக்சோன் அட்டவணை எச்1 மருந்து, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். சீட்டு இல்லாமல் தரக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் வாரத்துக்கு நாலு பேர் "சளிக் காய்ச்சல், பவரான ஊசி ஒண்ணு குடுங்க" என்று வருகிறார்கள். வைரஸ் காய்ச்சலுக்கு இது ஒரு வேலையும் செய்யாது. இன்னொரு கூட்டம் ஐந்து குப்பி எழுதியிருந்தால் இரண்டு வாங்கிப் போய், காய்ச்சல் விட்டதும் மீதியை மறந்துவிடும்.

கொண்டலாம்பட்டி மருமகள்:

சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தைக்குச் சிறுநீர்த் தொற்று, அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. ஐந்தாம் நாள் "காதுக்குள்ள வண்டு கத்துது" என்றார். வயசாச்சு என்று விட்டிருந்தால் தெரிந்திருக்காது. டாக்டரிடம் சொன்னதும் ஊசியை நிறுத்தி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொன்னார், கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த வகை மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்குமாம். சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்ளோஃபெனாக்கையும் மூட்டு வலிக்கு அத்தை தானாகப் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது!

அம்மாபேட்டை தறிக்காரன்:

கல்லாப்பெட்டி அண்ணா, பையன் மேல் கோபமில்லை, என்ன வழியில் போடப்போகிறோம் என்று நானும் சொல்லவில்லை. மிளகுக்கொடி அக்கா, அந்தப் பெரியவர் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உடனே பழைய நோட்டில் "பெனிசிலின் ஆகாது" என்று சிவப்பு மையில் எழுதி, கிழித்து அப்பாவின் ரேஷன் கார்டு உறைக்குள் சொருகிவிட்டார். கல்ச்சர் முடிவில் இதே மருந்துக்குக் கேட்கும் கிருமிதான் வந்தது. ஏழாம் நாள் வென்ஃப்ளானை எடுத்தோம். காலில் பேனாக் கோடு மட்டும் நாலைந்து குளியலுக்குத் தாக்குப்பிடித்தது. உபயோகித்த ஊசிகளை அக்கா ஒரு கெட்டி டப்பாவில் போட்டு, தான் வேலை செய்யும் இடத்துக்கே எடுத்துப் போனார். அந்த லிக்னோகெய்ன் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன், காசுக்குப் பதில் ஒரு பற்பசை தந்தார்கள்.