‘மாஸ்ட் பம்பிங்’ – தமிழில் என்ன? (மறு: மறு: சுழல்தண்டு மோதல்)

அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ‘மாஸ்ட் பம்பிங்’ என்ற ஹெலிகாப்டர் விபத்துக்கு, நேற்று இரவோடு ‘சுழல்தண்டு மோதல்’ என்று முடித்துப் பயிற்சிக் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுவீர்கள் போலத் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன். நான் புலவன் அல்லன். பெங்களூரில் ஹெலிகாப்டர்களின் கீழே கிரீஸ் படிந்த கையோடு முப்பது ஆண்டு நின்று ஓய்வு பெற்றவன். பிழை இருந்தால் தமிழாசிரியரான அல்சூர் ஐயா திருத்தட்டும்.

அவர் எழுதியிருந்தார்:

“மாஸ்ட் என்பது சுழல்தண்டு. பம்பிங் என்பது மோதல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?”

இருக்கிறது, ஐயா. ‘தண்டு மோதலால் ஹெலிகாப்டர் விழுந்தது’ என்று செய்தித்தாளில் வந்தால், அது ஏதோ கம்பத்திலோ செல்போன் கோபுரத்திலோ போய் முட்டிக்கொண்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். அந்த வகை விபத்தும் உண்டு. தாழப் பறக்கும் சிறிய ஹெலிகாப்டர்களுக்கு மின்கம்பி நெடுநாள் எமன். ஆனால் நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. வெளியில் எதன்மீதும் படாமல், நடுவானில், ஹெலிகாப்டரின் தலை அதன் கழுத்தையே வெட்டிக்கொள்ளும் விபத்து இது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஆர்-22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டர் 1975-இல் முதன்முதலாகப் பறந்தது. 1979-இல் அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்றது. ஃபிராங்க் ராபின்சன் அதை வடிவமைத்தது, வசதியுள்ளவர் கார் போலச் சொந்தமாக வைத்து ஓட்டுவதற்கு. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு என்பதால் பயிற்சிப் பள்ளிகள் அள்ளிக்கொண்டன. அப்படித்தான் அது புதுக் கைகளிடம் போய்ச் சேர்ந்தது.

அதற்கு இரண்டே இறக்கைகள். அவற்றைச் சுழற்றும் தண்டின் உச்சியில் ஒரு கீல். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டீட்டரிங் ரோட்டர்’ என்று பெயர். பட்டியலில் ‘ஊசலாடு சுழலி’ என்று போட்டிருக்கிறீர்கள். ஊசல் தொங்குவது, இது தொங்கவில்லை. கிணற்று ஏற்றத்தில் நட்ட காலின்மேல் ஏறி இறங்கும் நீண்ட மரத்துக்குத் துலா என்று பெயர். என் தாத்தா அதில் ஏறி மிதித்தவர். ‘துலாச் சுழலி’ என்றால் ஒரே சொல்லில் படம் வந்துவிடும். (எங்கள் விமானபுரா வானத்தில் பறக்கும் ‘துருவ்’ ஹெலிகாப்டருக்கு நான்கு இறக்கை, ‘சேத்தக்’குக்கு மூன்று. இரண்டிலும் துலா இல்லை. அதனால்தான் என்னோடு வேலை பார்த்த பலருக்கும் இந்த விபத்து ஏட்டளவில்தான் தெரியும்.)

ஹெலிகாப்டரின் உடல் சுழலியிலிருந்து, அதாவது மேலே சுற்றும் இறக்கைத் தொகுதியிலிருந்து, தொங்குகிறது. அதையும் கிணற்றடியில் வைத்தே சொல்லலாம். கயிறு விறைப்பாக இருக்கும்போது கையை இடப்பக்கம் நகர்த்தினால் வாளியும் இடப்பக்கம் வரும். கயிறு தொய்ந்திருக்கும்போது கை மட்டும் போகும். வாளி நின்ற இடத்திலேயே நிற்கும்.

மேலேறிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் கட்டுப்பாட்டுக் குச்சியைச் சட்டென்று முன்னே தள்ளினால் வயிறு மேலெழும். ராட்டினத்தில் இறங்கும்போது வருமே, அந்த உணர்வு. அந்தக் கணத்தில் சுழலியின் மேல் பாரம் இல்லை, கயிறு தொய்ந்துவிட்டது. ஆனால் வால் சுழலி தன் வேலையை நிறுத்தவில்லை. அது உடலின் எடை மையத்துக்கு மேலே இருப்பதால், அதன் தள்ளுவிசை ஹெலிகாப்டரை வலப்பக்கம் உருட்டுகிறது. ஓட்டுநரின் கை, யோசிக்காமல், குச்சியை இடப்பக்கம் சாய்க்கிறது. சுழலி உடனே கேட்கிறது, இடப்பக்கம் சாய்கிறது. உடல் கேட்பதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் விரிந்து, சுழலியின் தலை சுழல்தண்டில் இடிக்கிறது. தண்டு ஒடியலாம், இறக்கை வாலையோ ஓட்டுநர் அறையையோ வெட்டலாம். எல்லாம் இரண்டொரு நொடிக்குள்.

தப்பிக்கும் வழியும் அதே கிணற்றடியில் இருக்கிறது. முதலில் குச்சியை மெல்லப் பின்னே இழுக்க வேண்டும், கயிறு விறைக்கும். அதன் பிறகுதான் இடப்பக்கம் சாய்த்து உருளலைச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் ஆள் இல்லை.

ஆகவே என் வாதம் இதுதான்: இந்த விபத்தில் மோதல் என்பது கடைசியில் கேட்கும் ஓசை. அந்த ஓசைக்கு மட்டும் பெயர் வைத்தால் பயிற்சி மாணவனுக்கு ஒரு பயனும் இல்லை. ஓசை கேட்கும்போது அவன் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அதற்கு முந்தைய நிலைக்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் அதை ‘லோ-ஜி’ என்கிறார்கள். நீங்கள் ‘தாழ் ஈர்ப்பு நிலை’ என்று போட்டிருக்கிறீர்கள். ஈர்ப்பு எங்கே தாழ்ந்தது? பூமி அப்படியே இருக்கிறது. தாழ்ந்தது பாரம். அதற்கு ‘தொய்வு’ என்று வையுங்கள். தொய்ந்த கயிற்றை என்ன செய்வது என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசி ஓசைக்கு ‘தண்டிடி’ போதும். தலை நிலைப்படியில் இடிக்கும் என்போம். மோதும் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு சிறு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்குச் சற்றுக் கீழே, தண்டை ஒட்டி, ரப்பர் போன்ற சிறிய தடுப்புகள் இருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு இறக்கைகள் மெல்லச் சுழன்று அடங்கும். அப்போது காற்றடித்தால் துலா ஆடித் தண்டில் படாமல் தாங்குவதற்காக அவை. காலையில் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பிளவு தட்டுப்பட்டால் அன்று அந்த ஹெலிகாப்டர் வெளியே போகக் கூடாது. பட்டியலில் இதற்கு ‘ஊசலாட்ட நிறுத்தி’ என்று இருக்கிறது. நிறுத்துவது அதன் வேலையன்று, தாங்குவதுதான் வேலை. ‘துலாத்தாங்கி’ என்று மாற்றலாம். பறக்கும்போது நேரும் தண்டிடியை அதனால் தாங்க முடியாது என்பதையும் அடிக்குறிப்பில் சேருங்கள்.

வரலாறு கேட்டிருந்தார் ஒருவர். இது ராபின்சனோடு தொடங்கியதன்று. அமெரிக்கத் தரைப்படையின் ஹூயி, கோப்ரா ஹெலிகாப்டர்களுக்கும் துலாச் சுழலிதான். வியட்நாம் காலத்திலேயே அவை இதற்குப் பலியாயின. ஆர்-22 விபத்துகள் சேரச் சேர, அமெரிக்க விமானத் துறை 1995-இல் ராபின்சன் ரகங்களுக்கென்றே தனி விதி கொண்டுவந்தது: புது மாணவர் தனியாகப் பறக்கும் முன் ஆசிரியரோடு குறைந்தது 20 மணி நேரம் அதே ரகத்தில் பறந்திருக்க வேண்டும். தொய்வைப் பறந்து காட்டிக் கற்பிப்பதும் தடை செய்யப்பட்டது. இது எனக்கு வியப்பில்லை. தூக்குக் கயிற்றை மாட்டிப் பார்த்தா அதன் ஆபத்தைக் கற்பது? நியூசிலாந்தின் விபத்து விசாரணை ஆணையம் 2016-இல் ராபின்சன் ஹெலிகாப்டர்களின் தண்டிடியைத் தன் கவனிப்புப் பட்டியலில் சேர்த்தது. மலைக்காற்று குலுக்கும் நாடு அது. ஓட்டுநர் குச்சியைத் தள்ளாவிட்டாலும் காற்றே கயிற்றைத் தொய்ய வைக்கும். அதனால்தான் காற்று குலுக்கினால் முதலில் வேகத்தைக் குறை என்பது பாடம்.

மற்ற சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும்.

சுழலியின் சுற்று குறைந்துபோவதற்கு வைத்த ‘குறைசுழல்’ நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஆர்-22-இன் இறக்கை எடை குறைந்தது. எஞ்சின் நின்றால் சுற்று மளமளவென்று இறங்கும். இறக்கைகளின் கோணத்தைக் கூட்டிக் குறைக்கும் இடக்கை நெம்புகோலைக் கீழே இறக்க ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு நொடிதான். சுற்று 97 விழுக்காட்டுக்கு வந்ததும் எச்சரிக்கை ஒலி கத்தும். கேட்டதும் நெம்புகோலை மேலே தூக்கினால் கதை முடிந்தது. புதியவர்களின் கை அதைத்தான் செய்யத் துடிக்கும்.

‘இயங்குநிலைக் கவிழ்வு’ வேண்டவே வேண்டாம். ‘டைனமிக்’ என்று கண்ட இடத்திலெல்லாம் ‘இயங்குநிலை’ என்று ஒட்டுவது அகராதிக்கு ஆகலாம். இங்கே நடப்பது என்ன? தரையில் ஒரு கால் சேற்றில் புதைந்திருக்கிறது, அல்லது கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். ஓட்டுநர் மேலே தூக்குகிறார். சிக்கிய காலையே அச்சாக வைத்து ஹெலிகாப்டர் சாய்கிறது. சாய்வு ஓர் அளவைத் தாண்டினால் குச்சியால் மீட்க முடியாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கியிருக்க, மாடு இழுத்துக்கொண்டே இருந்தால் வண்டி என்ன ஆகும்? குடைசாயும். அந்தச் சொல் நம் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? ‘குடைசாய்வு’. தூக்குவதை நிறுத்தி நெம்புகோலை நிதானமாக இறக்குவதுதான் வழி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது போல.

அன்புடன்,
விமானபுராவிலிருந்து

———

ஐயா அவர்களுக்கு,

துலாவுக்கும் குடைசாய்வுக்கும் என் முழு ஒப்புதல். நாற்பது ஆண்டு தமிழ் நடத்தியும் எனக்கு அந்தக் கிணறு நினைவுக்கு வரவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. தண்டு + இடி = தண்டிடி; புணர்ச்சியில் குறையில்லை.

‘தொய்வு’ மட்டும் இடறுகிறது. மின்வாரியத்தார் இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி தாழ்ந்து தொங்குவதைத் தொய்வு என்கிறார்கள். கம்பியில் சிக்கும் விபத்தும் இதே கையேட்டில் அடுத்த பக்கத்தில் வருகிறது. இரண்டு தொய்வு இருந்தால் மாணவன் குழம்புவான். ‘பளுத்தொய்வு’ ஆகுமா?

அல்சூர்

———

ஐயா, ஆகும். ஓரெழுத்தும் மாற்ற வேண்டாம். எச்சரிக்கைப் பலகைக்கு ‘பளுத்தொய்வு வரும்படி குச்சியை முன்தள்ளக் கூடாது’ என்று எழுதியிருக்கிறேன். நீளமாக இருக்கிறது, யாராவது குறைத்துத் தந்தால் நல்லது.

விமானபுரா

———

அனைவருக்கும் வணக்கம். கையேட்டைக் கேட்டு இந்த வம்பை இழுத்துவிட்டவன் நான்தான். நேற்று மாலை என்னிடம் படிக்கும் தேனிப் பையனிடம் பழைய பட்டியலையும் புதியதையும் கொடுத்தேன். ‘தாழ் ஈர்ப்பு நிலை’ வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு ஆங்கிலப் புத்தகத்தைத் தேடினான். பளுத்தொய்வு வந்தால் என்றதும், “முதலில் பின்னால் இழுக்கணும் சார், அப்புறம்தான் பக்கவாட்டில்” என்றான்.

ஆனால் தண்டிடியை அவன் இன்னும் ‘தண்டடி’ என்றுதான் சொல்கிறான். இரண்டு முறை திருத்தினேன். மூன்றாம் முறையும் தண்டடிதான். அல்சூர் ஐயா இதற்கும் ஏதாவது புணர்ச்சி விதி வைத்திருக்கிறாரா?

யெலகங்காவிலிருந்து