ஃபார்வர்டு செய்த மின்னஞ்சலை ஜிமெயில் ஏற்க மறுக்கிறது: 550 5.7.26

கேள்வி – பிரிக்ஃபீல்ட்ஸ்_கணக்கு
பிரிக்ஃபீல்ட்ஸில் ஜவுளிக்கடை. சொந்த டொமைன், சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஹோஸ்டிங். கடை முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டிருக்கிறோம். சில சப்ளையர்களின் இன்வாய்ஸ் மட்டும் 550 5.7.26 என்ற பிழைக் குறியோடு அவர்களுக்கே திரும்பிப் போகிறது. எங்கள் எஸ்பிஎஃப் பதிவில் (எங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்) கூகளைச் சேர்த்தும் பலனில்லை. எங்கே பார்ப்பது?

பதில் – பட்டர்வொர்த்_சர்வர்
சேர்த்ததை எடுத்துவிடுங்கள் அண்ணே. உங்கள் எஸ்பிஎஃப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன்-பாத்தை, அதாவது சேராத அஞ்சல் திரும்பிப் போகும் முகவரியை. அதில் சப்ளையரின் டொமைன் இருக்கிறது, ஜிமெயிலுடன் பேசுவதோ உங்கள் சர்வரின் ஐபி. அவர் பதிவில் அந்த ஐபி இல்லாததால் எஸ்பிஎஃப் தோற்கிறது. இது எல்லா ஃபார்வர்டுக்கும் நடப்பதுதான். மற்றவை வந்து சேர்வது டிகிம், அதாவது அனுப்பும் சர்வர் அஞ்சலில் இடும் மின்-கையெழுத்தின் புண்ணியத்தில். டிமார்க்குக்கு (அனுப்புநர் டொமைன் உண்மையா என்று பார்க்கும் விதி) இரண்டில் ஒன்று தேறினால் போதும், ஆனால் தேறிய டொமைன் ஃப்ரம் (அனுப்புநர்) வரியில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

எனவே திரும்பிப் போனவற்றில் டிகிம் இல்லை, அல்லது வழியில் கெட்டிருக்கிறது. கடைப் பெட்டியில் பிரதி தங்கியிருந்தால், வெப்மெயிலில் அதன் சோர்ஸைத் திறந்து டிகிம்-சிக்னேச்சர் வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கணக்கு
ஒரு சப்ளையருடையதில் அந்த வரியே இல்லை. மற்ற இருவருடையதில் இருக்கிறது, ஆனால் தலைப்பின் முன்னால் *ஸ்பாம்* என்று ஒட்டியிருக்கிறது.

பதில் – செந்தூல்_நெட்வொர்க்
அந்த ஒட்டுதான் காரணம். கையெழுத்து வரியில் "எச்=" என்ற இடத்தைப் பாருங்கள், கையெழுத்தில் அடங்கிய வரிகளின் பட்டியல் அது; அதில் "சப்ஜெக்ட்" (தலைப்பு) என்று இருக்கும். கையெழுத்திட்ட தலைப்பில் ஓர் எழுத்து மாறினாலும் டிகிம் தோற்கும். அடியில் டிஸ்கிளெய்மர் சேர்க்கும் சர்வர்களும் இதே கெடுதலைச் செய்கின்றன, அங்கே உடையும் பகுதி "பிஎச்=", அதாவது அஞ்சலின் உள்ளடக்கத்துக்கான முத்திரை. ஸ்பாம்அசாசினில் (சர்வரின் ஸ்பாம் வடிகட்டி) தலைப்பை மாற்றும் அமைப்பை அணைத்துவிட்டு, ஸ்பாமைத் தனி ஃபோல்டருக்கு அனுப்புங்கள். அதை ஜிமெயிலுக்குத் தள்ளினால் உங்கள் ஐபியின் பெயர்தான் கெடும்.

கையெழுத்தே இல்லாத சப்ளையருக்கு வழி வேறு. ஹோஸ்டிங்காரரிடம் எக்ஸிமில் (அஞ்சல் அனுப்பும் சர்வர் மென்பொருள்) எஸ்ஆர்எஸ், அதாவது ஃபார்வர்டில் ரிட்டர்ன்-பாத்தை மாற்றி எழுதும் வசதி, போடச் சொல்லுங்கள். ரிட்டர்ன்-பாத் உங்கள் டொமைனுக்கு மாறும், எஸ்பிஎஃப் தேறும். ஆனால் ஃப்ரம்மோடு பொருந்தாது. சப்ளையரின் டிமார்க் "ரிஜெக்ட்" (தேறாததை நிராகரி) என்றிருந்தால் எஸ்ஆர்எஸ்ஸும் காப்பாற்றாது, அவர்தான் டிகிம் போட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறார்கள், அதனால் அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

பதில் – பட்டர்வொர்த்_சர்வர்
என்னைக் கேட்டால், பணம் சம்பந்தப்பட்ட பெட்டியை ஃபார்வர்டில் விடவே கூடாது. மற்றப் பெட்டிகளிலிருந்து அஞ்சலை ஜிமெயில் பாப் (அஞ்சலை இறக்கி எடுக்கும் முறை) வழியாக எடுத்து வரும் வசதியை 2026 முதல் நிறுத்துவதாக கூகள் அறிவித்துவிட்டது, அதை நம்ப வேண்டாம். போனில் உள்ள ஜிமெயில் செயலியில் கடைக் கணக்கை ஐமேப்பாகச் (அஞ்சலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) சேருங்கள், போர்ட் 993, எஸ்எஸ்எல். அஞ்சல் கடைப் பெட்டியிலேயே இருக்கும், இடையில் இன்னொரு சர்வருக்குப் போகாது.

கடை முகவரியில் ஜிமெயிலிலிருந்து பதில் அனுப்புவதானால் உங்கள் ஹோஸ்டிங்கின் எஸ்எம்டிபியையே (அஞ்சல் அனுப்பும் சர்வர்) கொடுங்கள், போர்ட் 465 அல்லது 587. ஜிமெயிலின் சர்வர் வழியாகப் போனால் டிமார்க் தோற்பது உங்கள் டொமைனுக்கு.