பொறிப் பெட்டியைத் திறந்தபோது: உங்கள் அனுபவங்கள்

ஓடைக்கரை:
நியூசிலாந்தின் நெல்சன் நகரப் பக்கத்து மலைச்சரிவில், நாட்டுப் பறவைகளைக் காக்க எங்கள் குழு வைத்திருக்கும் பொறிகளில் 14 என் பொறுப்பு. பெரும்பாலும் எலி விழும், எப்போதாவது ஸ்டோட், கீரி போன்ற வேட்டைப் பிராணி. அன்று ஒன்பதாவது பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே வேக்கா, பறக்காத நாட்டுப் பறவை. முழுதாக வளராத குஞ்சு. பெட்டிக்குள் இருக்கும் டாக் 200 என்ற அடிபொறி தலையில் இறங்கியிருந்தது. நீட்டிய கால் விரல்களில் ஈரமண் இன்னும் காயவில்லை. முகப்புக் கம்பிவலையில் ஆணி கழன்று ஓரம் விரிந்திருந்ததை முந்தைய முறையே பார்த்தேன். அடுத்த தடவை அடிக்கலாம் என்று இறங்கிவிட்டேன். எட்டு மாதமாகிறது. அந்தக் கால் கண்ணை விட்டுப் போகவில்லை.

தெற்குக்காற்று:
மனம் கனக்கிறது. எனக்கு நேர்ந்தது சிறியது: பாதுகாப்புக் கொக்கியை மாட்டாமல் சுத்தம் செய்தேன், பொறி அடித்துக் கையிலிருந்த குச்சி இரண்டானது. விரலாக இருந்திருந்தால்? எல்லோருக்கும் சொல்கிறேன்: மூடியைத் திறந்ததும் முதலில் கொக்கி. முகப்பு வலையின் துளையும் உள்வலையின் துளையும் நேர்க்கோட்டில் இருக்கவே கூடாது. விலகியிருந்தால்தான் பறவை நேராக உள்ளே போகாது. இரையைப் பொறிக்குப் பின்னால் வையுங்கள். பழைய முட்டையை மாற்றுங்கள். செத்த எலியைப் பெட்டியருகே வீசாதீர்கள், வேக்கா கிளற வரும். பையில் ஆணியும் சுத்தியலும் எப்போதும் இருக்கட்டும்.

மலைப்பூ:
தெற்குக்காற்று, அவர் வழிமுறையா கேட்டார்? துக்கத்தைச் சொன்னார்.
நான் ஆறு வயது மகளோடு போன நாளில் முள்ளெலி விழுந்திருந்தது. "இது என்ன தப்பு செய்தது?" என்றாள். ஒரே முள்ளெலியின் வயிற்றில், வெட்டுக்கிளி போன்ற நாட்டுப் பூச்சியான வேட்டாவின் கால்கள் 283 கிடைத்ததைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் வந்தவள், வண்டியில் ஏறும்போது, "அதற்குப் பசிதானே அப்பா" என்றாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கரும்பாறை:
மலைப்பூ, பதில் இருக்கிறது. பாதுகாப்பில்லாத காடுகளில் நூறு கிவிக் குஞ்சுகளில் ஏறக்குறைய ஐந்துதான் வளர்ந்து பெரிதாகின்றன. எடை ஒரு கிலோவை எட்டும்வரை ஸ்டோட்டை எதிர்த்து நிற்க அவற்றால் முடியாது. முயலை ஒழிக்க 1880களில் மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பிராணி அது. பறவைகளுக்கு ஆபத்து என்று அப்போதே எச்சரித்தார்கள், யாரும் கேட்கவில்லை. நாம் செய்த தவறை நாம்தான் சரிசெய்ய வேண்டும். பசியைக் காரணம் காட்டி ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியாது.
காலில் ரேடியோ அலைபரப்பி கட்டிய கிவிக் குஞ்சு ஒன்றைத் தேடி வனக்காவலரோடு போனேன். சமிக்ஞையின் துடிப்பு மாறியிருந்தது: குஞ்சு வெகுநேரமாக அசையவில்லை என்று அர்த்தம். அவர் ஒன்றும் சொல்லாமல் நடையை வேகமாக்கினார். அழுகிய மரத்தடியில் ஒரு பொந்து. கையை விட்டு எடுத்தார்: அலைபரப்பி, அதில் ஒட்டிய கொஞ்சம் இறகு. அவ்வளவுதான்.

ஓடைக்கரை:
வலையை அன்றே அடித்துவிட்டேன், தெற்குக்காற்று. இப்போது பையில் ஆணி இருக்கிறது. நேற்றும் ஒன்பதாவது பெட்டியின் முன் சற்று நின்றுவிட்டுத்தான் மூடியைத் தூக்கினேன். உள்ளே முட்டை மட்டும் இருந்தது.