மாடிப்படிக்கு வீட்டிலேயே தடுப்பு செய்தவர்கள் யாராவது?
பெரம்பூரில் முதல் மாடி வாடகை வீடு. பையனுக்கு 10 மாதம். கதவைத் திறந்தால் தவழ்ந்து நேராகப் படிக்கட்டுக்குத்தான் போகிறான். கடையில் விற்கும் தடுப்பு நம் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. பாரிமுனையில் பிவிசி பைப், அதை இணைக்கும் எல்போ, டீ துண்டுகள் வாங்கி நானே செய்யலாம் என்றிருக்கிறேன். பைப்புகளைச் செங்குத்தாக, 6 சென்டிமீட்டருக்குள் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஏணி மாதிரி ஏறிவிடுவான்.

சிக்கல், சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சுவருக்குச் சுவர் இறுக்கி நிறுத்தும் வகை சமையலறைக்குச் சரி. படியின் மேல்முனைக்கு ஆகாது, தள்ளினால் தடுப்போடு சேர்ந்து உருளுவான். மர நிலையில் கீல் அடித்தால் தாங்குமா? தாழ்ப்பாளை எங்கே வைத்தீர்கள்?

அரிசி மூட்டையை வைத்து அடை என்கிறார் அம்மா. அதை அவன் நேற்றே தாண்டிவிட்டான். படம் இருந்தால் போடுங்கள்.