காரைத் திருப்பும்போது மட்டும் வரும் 'டக் டக்' சத்தம்: கராஜுக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் முதலில் வாங்குவது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காராகத்தான் இருக்கும். நேராக ஓடும்போது அமைதியாக இருக்கும் வண்டி, ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்டும் முன்பக்கத்தில் தட்டத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. "திருப்பினால் சத்தம் வருகிறது" என்று மட்டும் கராஜில் சொன்னேன். அவர்கள் இன்ஜின் விசையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான ஆக்ஸிலை இரண்டு பக்கமும் மாற்றினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. முழுப் பழியையும் அவர்கள் மேல் போடவும் முடியாது. நான் சொன்ன அந்த ஒற்றை வரி ஐந்தாறு பழுதுகளுக்குப் பொருந்தும். சத்தம் எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு போயிருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். சரியாக மாட்டாத ஜாக்கியும் உருளும் தண்ணீர்ப் புட்டியும் பலரை ஏமாற்றியிருக்கின்றன. அண்மையில் டயர் மாற்றியிருந்தால் வீல் நட்டுகளையும் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்ப்பது வழக்கம். நட் தளர்ந்திருப்பது உறுதியானால் வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

அடுத்து, ஆளில்லாத சமதளமான இடத்தில் ஸ்டீயரிங்கை ஏறக்குறைய முழுவதும் ஒடித்து, மெதுவாக வட்டமடித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதியுங்கள். சக்கரம் வேகமெடுக்கும்போது 'டக் டக்' என்பதும் அதே கணக்கில் விரைவுபட்டு, காலை எடுத்ததும் குறைந்தால், பெரும்பாலும் அது முன்சக்கரத்தை ஒட்டிய வெளிப்புற சி.வி. ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் ஆக்ஸில் சுழல உதவும் மூட்டு. உள்ளே எஃகு உருண்டைகள் கிரீஸில் மிதந்தபடி பள்ளங்களில் ஓடுகின்றன. மேலே மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்ப் பள்ளங்கள் தேய்ந்துவிடும். இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் வலப்பக்க ஜாயின்ட்டையும், வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்க ஜாயின்ட்டையும் முதலில் சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங்கை ஒடித்து நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால், பூட் கிழிந்திருக்கும் பட்சத்தில், ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருப்பது தெரியும். கிழிசலைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால் பூட்டை மட்டும் மாற்றிப் புதுக் கிரீஸ் நிரப்பினால் போதும். சத்தம் வரத் தொடங்கிய பிறகு அந்த வழி உதவாது.

என் வண்டியில் பழுது வேறு இடத்தில் இருந்தது. வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சத்தம் வந்தது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். மனைவி ஸ்டீயரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாகத் திருப்ப, நான் பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலைப்பகுதி வண்டியின் உடலோடு இணையும் வட்டத்தில் விரல் நுனியை வைத்தேன். பாதித் திருப்பத்தில் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு 'டங்' என்று விடுபட்டது விரலிலேயே தெரிந்தது. மேல்பக்க பேரிங் இறுகிப் போயிருந்தது. சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாத நிலையில் வரும் சத்தத்துக்கு ஆக்ஸிலைக் குற்றம் சொல்ல முடியாது என்பது அன்றுதான் உறைத்தது.

பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஸ்பிரிங்கையே பாருங்கள். துரு ஏறி அடிச்சுற்று உடைந்தாலும் இதே போன்ற சத்தம் வரும். உடைந்த முனை டயரைக் கிழிக்கவும் கூடும்.

திருப்பத்தோடு மேடு பள்ளமும் சேரும்போதுதான் 'லொட லொட' என்று கேட்கிறதென்றால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கலாம்; அது பெரிய அவசரம் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் தளர்வாக இருந்தாலோ வண்டி தானாக அலைந்தாலோ பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு), டை ராட் முனை (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை) இரண்டையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரம் மடிந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் ஆட்டமும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடின் ஆட்டமும் புலப்படும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம். தாங்கிகள் இல்லையென்றால் இதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

கராஜில் பேசும்போது, மொழி தடுமாறினாலும், "நிற்கும்போது வருகிறது, நேராகப் போகும்போது இல்லை, இடப்பக்கம் வளைத்தால் அதிகம்" என்ற அளவுக்குச் சொன்னாலே அவர்கள் தேடும் இடம் பாதியாகக் குறையும். கைப்பேசியில் பதிவு செய்த சத்தத்தை மட்டும் நம்பாமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். எதையும் கழற்றும் முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி அப்போதே சொல்லிவையுங்கள். டை ராட் முனையையோ ஸ்ட்ரட்டையோ மாற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்ய வேண்டும்; அது மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.