மாடியிலிருந்து கீழ்க் கணினிக்கு

செல்வி: முருகன் அண்ணா, கடையில் பில் பிரிண்டர் சிக்கும்போதெல்லாம் அப்பா கூப்பிடுகிறார். பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய, குழந்தையைத் தூக்கிக்கொண்டு 22 படி இறங்குகிறேன். மாடியில் என் லேப்டாப்பிலிருந்தே, விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லில் செய்ய முடியுமா? இரண்டும் ஒரே வைஃபைதான்.

முருகன்: தாராளமாக. கடைக் கணினியில் பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிஎஸ் ரிமோட்டிங்கை, அதாவது வேறு கணினியிலிருந்து கட்டளை ஏற்கும் வசதியை, எனேபிள் செய். கட்டளையைப் படமாகப் போடுகிறேன்.

செல்வி: சிவப்பாக வருகிறது. நெட்வொர்க் பப்ளிக் என்கிறது.

முருகன்: செட்டிங்ஸில் அந்த வைஃபையைப் பிரைவேட் ஆக்கு. பப்ளிக்காக இருந்தால் ஃபயர்வாலில் வழி திறக்காது.

செல்வி: சரி, ஆயிற்று. மேலே வந்து கடைக் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்து இணைத்தால், டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் என்ற நம்பகப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. மறுபடி கீழே போகட்டுமா?

முருகன்: வேண்டாம்மா, உன் லேப்டாப்பில்தான் சேர்க்க வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான். ஆபீசில் எல்லாக் கணக்குகளையும் கவனிக்கும் டொமைன் கண்ட்ரோலர் என்ற சர்வர் நடுவில் இருந்து, கெர்பெராஸ் என்ற சரிபார்ப்பு முறை வழியாக இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும். நம் வீட்டில் அப்படி நடுவர் இல்லாத வெறும் வொர்க்குரூப். இங்கே என்டிஎல்எம் என்ற வேறு முறை உன் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். ஆனால் எதிரில் இருப்பது நம் கடைக் கணினிதானா என்று சொல்ல ஆளில்லை. அதனால் நம்புகிறேன் என்று நீயே எழுதிக் கொடுக்கிறாய். அதற்கு உன் லேப்டாப்பிலும், இந்த ரிமோட் வேலையைக் கவனிக்கும் வின்ஆர்எம் சர்வீஸ் ஓட வேண்டும்.

மணி: பட்டியலில் ஐபிக்குப் பதில், எல்லாக் கணினியும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டால் ஒரே அடியில் முடிந்துவிடுமே அண்ணா?

முருகன்: போடாதே மணி. அப்புறம் எதிரில் எந்தக் கணினியானாலும் யாரென்று பார்க்காமல் உன் லேப்டாப் லாகின் செய்யப் போகும். கடை ஐபி ஒன்று போதும். அது மாறாமல் இருக்க ரூட்டரில் ரிசர்வ் செய்துவிடு.

செல்வி: ஆக்செஸ் டினைடு! அப்பா தினமும் அடிக்கும் 4 எண்தான் போட்டேன்.

முருகன்: அது பின். அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் செல்லும். அக்கவுண்ட் பாஸ்வேர்டைப் போடு. யூசர் பெயருக்கு முன்னால் கடைக் கணினியின் பெயர், நடுவில் பின்சாய்கோடு.

சித்தப்பா (செல்வியின் அப்பா): பாஸ்வேர்டு எதுவும் வைத்ததாக நினைவில்லையே முருகா.

முருகன்: அப்படியானால் இப்போதே ஒன்று வையுங்கள் சித்தப்பா. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது.

செல்வி: வந்துவிட்டது அண்ணா! பிராம்ப்டுக்கு முன்னால் சதுர அடைப்பில் கடை ஐபி நிற்கிறது. ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்.

முருகன்: நல்லது. ரூட்டரில், ரிமோட்டிங் வந்துபோகும் 5985 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறந்துவிடாதே. ஊருக்குப் போனால், வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக வர விபிஎன் வைத்துத் தருகிறேன்.

சித்தப்பா: நின்றுபோன 3 பில்லும் கரகரவென்று வந்துவிட்டன. செல்வி, இறங்காதே, பிள்ளையைத் தூங்க வை.